அனுப்பியாயிற்று

நான் செய்யும் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் இதுவரை விளங்கவைக்க முடிந்ததில்லை. நாகர்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த பெரிய மாமா, "நீ கம்ப்யூட்டர்ல என்ன மக்கா செய்யுதே?" என்று கேட்டார். திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும், அதன் மேல் என்ன எழுதியிருக்கவேண்டும், அதை அழுத்தியவருக்கு அடுத்து என்ன தெரியவேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை என்றேன். எரிசேரியை வாங்கிக்கொண்டே சற்று யோசித்தார். "அப்பம் போர்டு எழுதுத வேலைன்னு சொல்லு." நான் மறுக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த விளக்கங்களில் இதுதான் உண்மைக்கு அருகில் இருப்பது.

தொழிலில் இதற்குப் பயனர் அனுபவ வடிவமைப்பு என்று பெயர். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொனால்ட் நார்மன் தன் பதவிப் பெயரிலேயே 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்ட பிறகு அது பரவியது. அதற்கு முன்பும் இந்த வேலையைச் செய்தவர்கள் இருந்தார்கள். கிணற்றுக்கு உருளை எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்த தச்சரும் இதைத்தான் செய்தார். ஒரு வேறுபாடு உண்டு. தச்சர் தண்ணீர் இறைப்பவளைத் தினமும் பார்த்தார். உருளை உயரம் என்றால் அவள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பாள்.

பெரிய நிறுவனங்களில் இது நடப்பதில்லை. நான் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம், எல்லா நிறுவனங்களும் அப்படித்தான்) ஒரு விண்ணப்பத் திரையை எளிமையாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மொத்தம் 34 கேள்விகள். ஒவ்வொன்றும் யாருக்குத் தேவை என்று கேட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினேன். கணக்குப் பிரிவு நான்கு கேள்விகளைத் தன்னுடையது என்றது. சட்டப் பிரிவு ஆறு. தொலைநகல் எண்ணைக் கேட்கும் ஒரு கட்டத்துக்கு மட்டும் உரிமையாளர் யாரென்றே தெரியவில்லை. கடைசியில் தெரிந்தது, அதைக் கேட்ட பிரிவு கலைக்கப்பட்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. பிரிவு போய்விட்டது, கேள்வி மட்டும் இருந்தது. எடுத்துவிடலாமா என்று கேட்டால், எடுக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. மெல்வின் கான்வே என்ற கணினி நிபுணர் 1968இல் ஒரு கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கிறார். ஓர் அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதுதான் அது உருவாக்கும் பொருளின் வடிவமாகவும் ஆகிறது என்பது அவர் வாதம். வாடிக்கையாளர் திரையில் காண்பது, அந்த நிறுவனத்தின் பிரிவுகள் ஒன்றையொன்று எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கின்றன என்பதன் வரைபடத்தை.

இதிலாவது நேரம்தான் வீணாகும். எனக்கு அதிகம் தொந்தரவு தந்தது வேறொன்று. வாடிக்கையாளர்களுக்குச் செல்லும் ஒரு முக்கியமான அறிவிப்பு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். முழுவதும் போய்விட்டது என்று ஓர் அறிக்கையைக் காட்டினார்கள். அதில் 'அனுப்பப்பட்டது' என்ற பத்திக்கு எதிரே பச்சை நிறம். 'படிக்கப்பட்டது' என்று ஒரு பத்தியே கிடையாது. அனுப்புவது ஒரு பிரிவின் வேலை. போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது எந்தப் பிரிவின் வேலையும் இல்லை. இதில் அலட்சியம் எதுவும் இல்லை என்பதைச் சொல்லவேண்டும். அந்த அறையில் இருந்த எல்லோரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபின் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்திருந்ததால் வால்வு மூடிவிட்டது என்றே ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு வால்வோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. மூடு என்ற கட்டளை போய்விட்டதை மட்டுமே அது காட்டியது. குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் மையப்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது. அந்த விபத்துக்குப் பின் கட்டுப்பாட்டு அறைகளை ஆராய அழைக்கப்பட்டவர்களில் மேலே சொன்ன நார்மனும் ஒருவர். என் தொழிலின் பிறப்புக் கதைகளில் இதுவும் ஒன்று என்பதால் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு இதைச் சொல்வது வழக்கம். ஆனால் 2017க்குப் பிறகு இதைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் என் மனம் பென்சில்வேனியாவில் நிற்பதில்லை. எங்கள் கரைக்குப் போய்விடுகிறது.

'எங்கள்' கரை என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் தாழக்குடிப் பக்கத்துக்காரன். நாஞ்சில் நாடு என்று சரியாகச் சொன்னால் அது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். வயலும் குளமும் மடையும்தான் எங்கள் உலகம். கடல் பதினைந்து கிலோமீட்டரில் இருந்தது. ஆனால் எங்களுக்குக் கடல் என்பது தலையில் கூடையோடு வாசலுக்கு வரும் மீன்காரியம்மைதான். அவள் வராத நாளில் கடலில் ஏதோ சரியில்லை என்று பாட்டி சொல்வாள். எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே வானிலை அறிக்கை அது. அதைத் தாண்டி எங்களில் யாரும் கரைக்குப் போய் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாக நினைவில்லை. ஒரே மாவட்டத்துக்குள் இப்படி இரண்டு உலகங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வாழமுடியும் என்பதற்கு எங்கள் ஊர் நல்ல எடுத்துக்காட்டு.

2017 நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. மீனவர்களுக்கான எச்சரிக்கையும் அன்று வெளியானது. மறுநாள் அதிகாலையில் அது ஆழ்ந்த தாழ்வு மண்டலமானது. 30ஆம் தேதி காலை 8.30 மணிக்குக் குமரிக் கடலில் புயலாகிவிட்டிருந்தது. வங்கதேசம் கொடுத்திருந்த ஒக்கி என்ற பெயர் அதற்கு வைக்கப்பட்டது. வங்காளத்தில் கண் என்று பொருள். ஒரு முழு நாளுக்குள், அதுவும் கரைக்கு இத்தனை அருகில், ஒரு தாழ்வு மண்டலம் புயலாவது அரிது. அறிவியலின் பக்கமிருந்து பார்த்தால் கடினமான கணிப்பு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உள்நாட்டில் ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. கடலில் நடந்தது வெளியே தெரியவே நாட்கள் ஆயின. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் கரையோர ஊர்களில் இறந்தவர்களும் திரும்பாதவர்களுமாக எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது தேடுங்கள் என்பதைத்தான்.

அந்த மாத இறுதியில் ஊருக்குப் போயிருந்தபோது, நிவாரணப் பணியில் இருந்த ஒரு நண்பரோடு தூத்தூர்ப் பக்கம் போனேன். இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் ஒன்றையொன்று தோளில் தட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். சுறா வேட்டைக்குப் பெயர் பெற்றவர்கள். லட்சத்தீவுக்கும் அப்பால் பல நூறு கடல் மைல் போய் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். படகில் ஏறுவது பெரும்பாலும் கொச்சியிலிருந்து. முதிய மீனவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நான் வந்த காரணத்தை நண்பர் ஏதோ சொல்லி அறிமுகப்படுத்தினார். அன்றைய எச்சரிக்கை பற்றி நான் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "மீனவர்கள் கடலுக்குப் போவாண்டாம்னு சொன்னாவ பிள்ளே. போனவன் என்ன செய்யணும்னு சொல்லல்ல."

நான் என் தொழிலில் எத்தனையோ ஆய்வறிக்கைகள் படித்திருக்கிறேன். இதற்கு இணையான ஒரு வரியை எங்கும் படித்ததில்லை. 'மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்' என்ற வாக்கியத்தை நாம் எல்லோரும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நூறு தடவை கேட்டிருப்போம். அந்த வாக்கியம் யாரை முன்னிலையில் வைத்துப் பேசுகிறது? கரையில் நிற்பவரை. காலையில் போய் மதியம் திரும்புபவரை. இருபது நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போய்விட்டவர் அந்த வாக்கியத்துக்குள் இல்லவே இல்லை. அவர் எந்தத் திசையில் விலகவேண்டும், எந்தத் துறைமுகத்துக்கு ஓடவேண்டும், எத்தனை மணி நேரம் இருக்கிறது என்ற கேள்விகள் கேட்கப்படவே இல்லை. கேட்டிருந்தாலும் பதில் அவருக்குப் போயிருக்காது. படகிலிருக்கும் விஎச்எஃப் கருவி 20, 25 கடல் மைலுக்கு மேல் எட்டாது. கைப்பேசி அதற்கு வெகு முன்பே செத்துவிடும்.

ஊர் திரும்பியபின் அந்த நாட்களின் அறிக்கைகளைத் தேடி எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். தொழில் பழக்கம். துல்லியமான அறிக்கைகள் என்றுதான் சொல்லவேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை, மணி, வேகம் எல்லாம் இருந்தன. படிக்கப் படிக்க அந்த அட்டவணைதான் உறுத்தியது. காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால்தான் புயல். புயல் என்ற சொல் வரும்வரை புயல் எச்சரிக்கை என்ற சொல்லும் வராது. வானிலையாளருக்கு இந்த வகைப்பாடு தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் 55 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு வள்ளத்தைக் கவிழ்க்கப் போதும். வள்ளத்தில் இருப்பவருக்கு எது ஆபத்து என்பதை அவருடைய வள்ளத்தின் அளவுதான் முடிவு செய்கிறது. அந்த அளவு அட்டவணையில் எங்கும் இல்லை. 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்ற தொடரைக் கேட்கும் ஒருவருக்கு அதில் 'தாழ்வு' என்ற சொல்தான் காதில் விழும். தாழ்ந்தது என்றால் பயமில்லாதது என்று கொள்வது தமிழ் அறிந்தவரின் இயல்பு. அலுவலகத்தின் உள்ளறையில் புழங்கும் சொல் ஒன்று சாளரம் வழியாக அப்படியே வெளியே எறியப்பட்டிருக்கிறது.

இனி கான்வே சொன்ன வரைபடம். வானிலைத் துறை புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ். அலைகளைக் கணிக்கும் இன்காய்ஸ் மையம் ஹைதராபாத்தில், அதே அமைச்சகத்தின் கீழ். மீன்வளத் துறை மாநிலத்துடையது. பேரிடர் மேலாண்மை வருவாய்த் துறையோடு சேர்ந்தது. கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்துடையது. செயற்கைக்கோள் விண்வெளித் துறையுடையது. ஒரு செய்தி இத்தனை வாசல்களைக் கடந்து கரைக்கு வந்து, அங்கிருந்து பங்குத்தந்தையின் ஒலிபெருக்கி வழியாகக் காற்றில் கரைகிறது. இதில் எங்கள் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை நீரோடியை ஒட்டி விழுந்தது. ஒக்கிக்குப் பின், 2018இல் திருவனந்தபுரத்தில் ஒரு புயல் எச்சரிக்கை மையம் திறந்தார்கள். அது கேரள, கர்நாடகக் கரைகளுக்கானது. நீரோடிக்குத் திருவனந்தபுரம் பக்கத்து ஊர். ஆனால் அந்த ஊருக்குரிய எச்சரிக்கை சுமார் 700 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னை மையத்திலிருந்து வரவேண்டும். அந்த ஊர்க்காரரோ கொச்சியில் படகேறுகிறார். தமிழ்நாட்டின் பட்டியலில் அவர் கரையில் இருக்கிறார். கேரளத்தின் பட்டியலில் அவர் வேறு மாநிலத்தவர். காற்றுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது.

பழைய ஏற்பாடு மேலானது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் என்னை வியக்கவைத்தது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய பெரும் புயலுக்குப் பிறகு, 1865இல் அத்துறைமுகத்தில் எச்சரிக்கைச் சின்னங்கள் ஏற்றும் வழக்கம் தொடங்கியது. நாம் புயல் கூண்டு என்று சொல்வது அதன் வாரிசு. கூம்புகளும் உருளைகளும் பகலில், விளக்குகள் இரவில். 1, 2 என்றால் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் இங்கே காற்று வரலாம். 5 என்றால் புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுக் கடக்கும், 6 என்றால் வலப்புறம், 7 என்றால் நேராக. 8, 9, 10 அதே மூன்றின் கடுமையான வடிவங்கள். கப்பல் தலைவன் செய்யவேண்டிய முடிவு எதுவோ அதைச் சுற்றியே இந்த எண்கள் அமைந்திருக்கின்றன. எந்தப் பக்கம் என்பதுதான் அவனுக்கு முதல் கேள்வி. இதுவும் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரைதான் செல்லுபடியாகும் என்பது வேறு. 10க்கு மேல் இன்னும் ஓர் எண் உண்டு. 11. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். எங்களுக்கே தெரியவில்லை என்று சொல்வதற்கு ஒரு சின்னத்தை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த எந்த நவீனத் திரையிலும் 11ஆம் எண்ணுக்கு இடம் ஒதுக்கியதில்லை. தொடர்பு அறுந்தால் பழைய செய்தியே பச்சை நிறத்தில் நின்றுகொண்டிருக்கும்.

ஒக்கிக்குப் பின் கருவிகள் வந்தன. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவியை வெளியிட்டார்கள். செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத் மூலம் கைப்பேசிக்குத் தரும். கரையின் சமிக்ஞை எட்டாத இடத்திலும் செய்தி கிடைக்கும் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அது ஒருவழிப் பாதை. படகிலிருந்து ஒரு சொல்லும் திரும்பிப் போகாது. இதற்கு நேர்மாறான கருவி ஒன்று 2010 முதலே இருந்தது. ஆபத்தில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் செய்தி போகும். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கருவிகள் பயன்பாட்டில் இருந்தன. அழுத்தியபின் படகில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்றால், ஒன்றும் தெரியாது. செய்தி போனதா, யாராவது பார்த்தார்களா, வருகிறார்களா என்பதற்கு எந்த அடையாளமும் கிடையாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். இரவு. அலை. படகுக்குள் தண்ணீர். ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். பிறகு எஞ்சினைச் சரிசெய்வதா, படகை விட்டுவிட்டுக் கேனைக் கட்டிக்கொண்டு குதிப்பதா, இங்கேயே காத்திருப்பதா என்று முடிவு செய்யவேண்டும். யாரோ வருகிறார்கள் என்று தெரிந்தால் ஒரு முடிவு. தெரியாவிட்டால் வேறு முடிவு. நாங்கள் அலுவலகங்களில் 'செய்தி கிடைத்தது' என்ற சிறிய வரியை மரியாதைக்குச் சேர்க்கும் அலங்காரம் போல் விவாதிப்போம். நேரமில்லை, அடுத்த வெளியீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்படும் முதல் வரி அதுதான். இஸ்ரோ 2024 ஜனவரியில் அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் அந்தப் பதில் சேர்ந்தது. அழுத்தியவருக்கு, உன் குரல் கேட்டுவிட்டது என்று திரும்பி வரும். முதல் கருவிக்கும் இந்த ஒரு வரிக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள். நடுவில் ஒக்கி. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. நல்லது. தாமதமாக வந்தது என்பதற்காக வந்ததைக் குறை சொல்லக்கூடாது.

கருவிகளின் பெயர்களைப் பற்றி மட்டும் ஒரு சொல். ஜெமினி, நபமித்ரா. இவற்றை யாருக்காகச் செய்தார்கள் என்று பெயரைக் கொண்டு ஒருவரும் ஊகிக்கமுடியாது. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்து, ஆழத்தைப் பாகத்தில் அளந்து பேசும் மக்களிடம் கேட்டிருந்தால் ஒரு பெயர் கிடைக்காமலா போயிருக்கும்?

ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தென்னிந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் எழும் புயல்களால் உருவாகும் நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணித்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றிருக்காது, வானம் தெளிந்திருக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறிக் கரைக்குள் புகும். கேரளக் கரை மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். கள்ளனைப்போல் வருவதால் அந்தப் பெயர். அறிவியலாளர்கள் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 2012இல் யுனெஸ்கோவும் அதை ஏற்றது. இன்று இன்காய்ஸ் அறிக்கைகளில் அந்தப் பெயரிலேயே எச்சரிக்கை வருகிறது. ஒரு சொல்லில் முழு விளக்கமும் இருக்கிறது. அமைதியாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதே என்பதை விளக்கத் தனியாக இன்னொரு வாக்கியம் வேண்டியதில்லை.

இருந்தும் 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துச் சென்றது. கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள். அவர்கள் எந்தப் பட்டியலிலும் மீனவர்கள் அல்ல. மீனவர்களுக்கு எச்சரிக்கை என்று தொடங்கும் எதையும் ஒரு மாணவர் தனக்கானது என்று படிக்கமாட்டார். அறிக்கைகளில் கன்னியாகுமரிக் கரையை 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை' என்று குறிப்பிடுவது வழக்கம். மாவட்டத்தின் மேற்கு முனையும் கிழக்கு முனையும். சுமார் 70 கிலோமீட்டர். எங்களுக்கு அது தெளிவான முகவரி. லெமூர் என்ற பெயரைக் கைப்பேசி வரைபடத்தில் பார்த்து வரும் ஒருவருக்கு, தான் நிற்கும் மணல் அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அதே அறிக்கைகளில் வரும் அலை உயரம் இன்னொரு உதாரணம். 3 மீட்டர் என்று இருந்தால், அதிகபட்சம் 3 மீட்டர் என்றே நானும் நீங்களும் வாசிப்போம். கடலியலில் அது அலைகளில் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒற்றை அலை ஏறத்தாழ அதன் இரு மடங்கு எழலாம். ஆங்கிலக் கலைச்சொல்லை நேரடியாக மொழிபெயர்த்தால் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' என்று வரும். குறிப்பிட்டுச் சொல்லவேண்டியதை விட்டுவிட்டு நிற்கும் ஒரு தொடர். 'சில அலைகள் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் வரும்' என்று எழுதுவதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. எழுதுபவர் எழுதலாம். ஆனால் மேலே ஒப்பமிடுபவர் கலைச்சொல்லைத்தான் பாதுகாப்பாக உணர்வார். நாளை விசாரணை வந்தால் கலைச்சொல்லை யாரும் குற்றம் சொல்லமுடியாது.

பெரிய அமைப்புகளில் என் தொழில் மோதி நிற்பது இந்தச் சுவரில்தான் என்று நினைக்கிறேன். அங்கே எழுதப்படும் வாக்கியத்துக்கு இரண்டு வாசகர்கள். ஒருவர் அதைப் பயன்படுத்துபவர். மற்றவர் பின்னாளில் விசாரணை செய்யப்போகிறவர். இரண்டாமவர் ஒருபோதும் வராமல் போகலாம், இருந்தும் வாக்கியம் அவருக்காகவே எழுதப்படுகிறது. ஒக்கிக்குப் பிறகு எச்சரிக்கைகள் கூடின என்று கரையில் சொல்கிறார்கள். கொஞ்சம் காற்று என்றாலும் கடலுக்குப் போகாதே. அனுப்புபவருக்கு அதில் செலவு எதுவும் இல்லை. வாங்குபவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, வாங்கிவைத்த ஐஸ் கரைகிறது, டீசல் கடனுக்கு வட்டி ஓடுகிறது. பத்துத் தடவை வீட்டில் இருந்து, பத்துத் தடவையும் கடல் சும்மா கிடந்ததைப் பார்த்தவர் பதினோராவது தடவை போவார். அவரை அறியாமை என்று சொல்லும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் எதையும் படிப்பதில்லை என்று சொல்லும் மேலாளர்களையும். இருவரின் குரலும் ஒன்றுபோலவே இருக்கும்.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது அந்த நண்பர் தன் கைப்பேசியில் ஒரு வாட்ஸாப் குழுவைக் காட்டினார். கரையூர் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நடத்துவது. அரசு அறிக்கை வந்ததும் அதை வாசித்துவிட்டுத் தன் குரலில் ஒரு நிமிடத்துக்குள் பதிவு செய்து போடுகிறார். கேட்டேன். அட்சரேகை இல்லை. காற்றின் பெயர் இருந்தது. எத்தனை பாகத்துக்கு அப்பால் போகவேண்டாம், வள்ளக்காரர் என்ன செய்யவேண்டும், பெரிய படகு எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்று தனித்தனியாகச் சொன்னார். நாளைக்கு எப்படி இருக்கும் என்பது இன்னும் சரியாகத் தெரியவில்லை, ராத்திரி மறுபடி சொல்கிறேன் என்றார். கைப்பேசி எட்டும் தூரத்தில் இருக்கும் படகுகள் அதைக் கேட்டு, வயர்லெஸ்ஸில் அடுத்த படகுக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்கு. கடைசியில், "கேட்டவன் எல்லாம் கேட்டேன்னு ஒரு வார்த்த போடுங்க" என்று முடித்திருந்தார். அதன் கீழே படகுப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நடுவில் யாரோ இன்றைக்குச் சூரை என்ன விலை போனது என்று கேட்டிருந்தார். பதினேழு பெயர்கள் வந்தபின், இன்னும் இரண்டு படகின் பெயரைக் காணோம் என்று அந்த இளைஞர் மறுபடி ஒரு பதிவு போட்டிருந்தார்.